நூலோடு கோப்பும் வேண்டும்: வன்னியில் நூல் வெளியீட்டுக்கு நிதி தருவோருக்கு ஒரு திறந்த மடல்

வன்னிப் பிரதேச செயலகங்களின் கலாசாரப் பேரவைகளுக்கும், பிரதேச சபைத் தவிசாளர்களுக்கும் நூலகர்களுக்கும், ஊர்ப் பெயரில் இயங்கும் புலம்பெயர் ஒன்றியங்களுக்கும்,

வணக்கம்.

நூல் வெளியிட உதவி கேட்டு வருபவரிடம் நீங்கள் வழக்கமாகக் கேட்பவை எல்லோருக்கும் தெரிந்தவை. கையெழுத்துப் பிரதி, அச்சகங்களின் விலைமனு, வாழ்த்துரை, பிறகு விழா அழைப்பிதழ், பற்றுச்சீட்டு, இத்தனை இலவசப் பிரதிகள். இந்தப் பட்டியலில் ஒன்று மட்டும் இல்லை: கணினியில் உள்ள நூலின் எழுத்துக் கோப்பு. அதையும் சேர்த்துவிடுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை. ஏன் சேர்க்க வேண்டும், எப்படிச் சேர்க்கலாம் என்பதற்காகத்தான் இந்த மடல் நீள்கிறது.

இப்போது அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது? அச்சகக் கணினியில், பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க அமைப்பு மென்பொருளில், பாமினி எழுத்துருவில். இரண்டு மூன்று வருடத்தில் அந்தக் கணினி பழுதாகும், அல்லது யாரோ அதை போமற் பண்ணுவார்கள். எழுத்தாளரிடம் இருப்பது ஒரு பெட்டிப் புத்தகம். கறையானுக்கு அதில் நல்ல பங்கு உண்டு. கவனமாக இருந்தவர்கள் இறுவட்டில் எழுதி வைத்தார்கள். இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் இறுவட்டுப் போடும் இடமே இல்லை. மறுபதிப்பு என்று வந்தால் முதல் பக்கத்திலிருந்து மறுபடி தட்டச்சு, மறுபடி சரவை (பிழை பார்த்தல்), மறுபடி அதே பிழைகள்.

1981 இல் யாழ்ப்பாண நூலகத்தில் எரிந்த 97,000 நூல்களைப் பற்றிப் பேசாத நூலகக் கூட்டம் நம்மிடம் இல்லை. பேச வேண்டியதுதான். ஆனால் 2009 வரை வன்னியில் அச்சாகி வன்னியிலேயே அழிந்த ஊர் மலர்கள், பாடசாலை இதழ்கள், கவிதைத் தொகுப்புகள் எத்தனை என்று கேட்டால் எவரும் ஓர் எண்ணைச் சொல்லமாட்டார்கள். கிளிநொச்சியிலிருந்து கிழக்கே கிழக்கே நகர்ந்த சனம் புத்தகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நகரவில்லை. வெளியே ஒரு பிரதி போயிருந்த நூல் மட்டும் பிழைத்தது. 2005 முதல் ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனத்தின் தளத்தில் இன்று நாம் திறந்து பார்க்கும் பழைய வன்னி நூல்களில் பல அப்படி எங்கோ தப்பிய ஒற்றைப் பிரதியின் படங்கள்தான்.

அச்சுக் கணக்கிலிருந்து தொடங்குவோம். உங்கள் நிதியில் பெரும்பகுதி போவது அதற்குத்தான்.

160 பக்க நூல் என்றால், ஒரே தாளில் சேர்த்து அடித்து மடிக்கும் 16 பக்கப் போம் பத்து. போமுக்கு இரண்டு அச்சுத் தட்டாக 20 தட்டு. அட்டைக்கு நான்கு நிறத்துக்கு நான்கு. நூறு பிரதி அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் தட்டுச் செலவு மாறாது. மையைச் சரிப்படுத்தும்போது கழிவாகும் தாளும் ஏறக்குறைய அதே அளவுதான். அதனால்தான் "இன்னும் இருநூறு கூட்டுங்கோ, தாள் காசு மட்டும்தானே" என்கிறார் அச்சகர். கணக்குச் சரி. அந்த இருநூறும் பிறகு எங்கே போகும் என்பது அவருடைய கணக்கில் வராது. பக்க எண்ணிக்கையிலும் இதே விளையாட்டு உண்டு: 160 பக்கத்தில் முடிந்திருக்க வேண்டிய நூல் கடைசி நேரத்தில் வந்த இரண்டு வாழ்த்துரையால் 164 ஆனால் பதினொராவது போம் ஒன்று திறக்கும், அதில் 12 பக்கம் வெறுமை. வாழ்த்துரைகளை மட்டுப்படுத்தச் சொல்லி நீங்களே ஒரு விதி வைத்தால் எழுத்தாளர்கள் மனதுக்குள் நன்றி சொல்வார்கள். அவர்களால் அதை வாய்விட்டுச் சொல்ல முடியாது.

விழாவில் முதற் பிரதி, சிறப்புப் பிரதி என்று உறையோடு ஒரு பங்கு போகும். அச்சுச் செலவில் நல்ல பகுதி அன்றைக்கே திரும்புவதும் உண்டு. ஆகவே விழாவைக் குறை சொல்ல வரவில்லை. சிக்கல் அடுத்த நாள் தொடங்குகிறது. புத்தகக்கடை நூற்றுக்கு 30, 35 கழிவு கேட்கும்; காசு விற்ற பிறகுதான். யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ அனுப்பும் கூலி எழுத்தாளர் தலையில். மல்லாவியில் அச்சடித்த நூலை மன்னாரில் ஒருவர் வாங்குவதற்கு ஒழுங்கான வழி இன்றுவரை இல்லை. ரொறன்ரோவில் இருப்பவர் கேட்டால் புத்தக விலையைவிடத் தபால் செலவு கூட.

இதற்கு நடுவே 2022 வந்தது. தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் தள்ளிப்போயின. கொழும்பில் இரண்டு நாளிதழ்கள் அச்சுப் பதிப்பை இடைநிறுத்தின. 2024 தையில் நூல்களுக்கும் 18 வீதப் பெறுமதி சேர் வரி வந்தது. சிறிய அச்சகம் அந்த வரிக்குப் பதியாமல் இருக்கலாம். அது வாங்கும் தாளிலும் மையிலும் தட்டிலும் வரி ஏற்கெனவே ஏறித்தான் வருகிறது.

அச்சை நிறுத்துங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. துணுக்காயிலோ நெடுங்கேணியிலோ நூலகத்துக்கு வரும் பிள்ளைக்கும், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திண்ணையில் இருந்து வாசிக்கும் முதியவருக்கும் தாள்தான் வசதி. தொகையைக் குறையுங்கள் என்கிறோம். நூறு, நூற்றைம்பது பிரதி என்றால் தட்டில்லாத டிஜிட்டல் அச்சு போதும்; தீர்ந்தபின் ஐம்பது ஐம்பதாக மறுபடி அடிக்கலாம். அதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. தாளின் இழையோட்டம் முதுகுக்குச் சமாந்தரமாக இருக்க வேண்டும். குறுக்கே இருந்தால் மாரியில் பக்கங்கள் அலையாக வளையும், ஒட்டுப் பசை வெடிக்கும், ஏடு கழன்று கையில் வரும். அட்டை மடியும் இடத்தில் முன்கூட்டி வரித்தடம் அழுத்தாவிட்டால் டோனர் மை வெடித்து வெள்ளைக் கோடு விழும். முதுகு அகலத்தைக் கண்மதிப்பில் போடக்கூடாது: 80 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 80 கிராம்) தாள் ஒன்று ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர், 160 பக்கம் என்றால் 80 தாள், அதாவது 8 மில்லிமீற்றர். அட்டை வடிவமைப்பவருக்கு இந்த எண்ணைக் கொடுக்காவிட்டால் முதுகில் இருக்க வேண்டிய பெயர் முன்னட்டையில் ஏறி நிற்கும்.

இப்படி மிச்சமாகும் தொகையில், உதவிப் பணத்தின் பத்தில் ஒரு பங்கையாவது கோப்புக்கு ஒதுக்குங்கள்.

கோப்பு என்றவுடன் பலர் அச்சகம் தரும் பி.டி.எவ்வை நீட்டுகிறார்கள். அது அச்சு இயந்திரத்துக்கான பக்கப் படம், மின்னூல் அல்ல. ஐந்தரை அங்குல அகலத்துக்கு அமைத்த பக்கம் மூன்று அங்குலம்கூட இல்லாத தொலைபேசித் திரையில் பாதியாகச் சுருங்குகிறது. பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் விரலால் இடம் வலமாக இழுக்க வேண்டும். நான்கு பக்கத்துக்கு மேல் யாரும் இழுக்கமாட்டார்கள். பிறகு "மின்னூலை ஆர் வாசிக்கினம்" என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம். ஈபப் (EPUB) என்ற மின்னூல் வடிவத்தில் எழுத்து தண்ணீர்போலத் திரைக்கேற்ப ஓடி நிரம்பும். எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாக மடியும். 160 பக்க உரைநடை நூல், அட்டைப் படத்தோடு சேர்த்தும் ஒரு மெகாபைட்டுக்குள் பெரும்பாலும் அடங்கும். அதே நூலை ஸ்கான் செய்த பி.டி.எவ் சாதாரணமாக முப்பது, நாற்பது மெகாபைட். டேட்டா காட்டை எண்ணி எண்ணிப் போடுபவருக்கு இந்த வித்தியாசம் சின்னதல்ல.

இன்னொரு காரணம் இந்த மண்ணுக்கே உரியது. போரில் கண் இழந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அண்ட்ரொயிட் தொலைபேசியிலுள்ள திரை வாசிப்பான், எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான குறிமுறையான யுனிகோட்டில் உள்ள தமிழை உரக்க வாசிக்கும். பாமினியில் செய்த பி.டி.எவ்வைக் கொடுத்தால் ஆங்கில எழுத்துகளை வரிசையாக உளறும். உங்கள் பணத்தில் வெளிவந்த நூலை அவர்கள் கேட்க முடியாமல் இருப்பதற்கு எழுத்துருவைத் தவிர வேறு காரணம் இல்லை.

பாமினியின் சிக்கலைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பணம் வாங்கியவர் "கோப்பும் தந்துவிட்டேன்" என்று சொல்லும்போது நீங்கள் ஏமாறும் இடம் அதுதான்.

பாமினியில் 'அம்மா' என்று திரையில் தெரிவது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அந்தக் குறிகள்தான் தெரியும். யுனிகோட்டுக்கு மாற்ற இலவசக் கருவிகள் உண்டு. சுரதாவின் மாற்றியும் என்.எச்.எம். மாற்றியும் பலருக்குப் பழக்கமானவை. நொடியில் மாற்றிவிடும். மாற்றிய பிறகு தொடங்குகிறது வேலை.

ஆங்கிலத்தில் இருந்த சொற்களையும் கருவி பாமினி என்று நினைத்து மாற்றிவிடும். பிபிசியின் மூன்று ஆங்கில எழுத்துகள் 'டீடீஊ' ஆவது இப்படித்தான். எண்களுக்கு நடுவே ஆங்கில எழுத்துருவில் போட்ட காற்புள்ளி 'இ' ஆகிவிடும். 1,200 ஏக்கர் '1இ200 ஏக்கர்' என்று நிற்கும். குளங்களின் கொள்ளளவு, வயல் பரப்பு, குடும்ப எண்ணிக்கை என்று எண்கள் நிறைந்த ஊர் வரலாற்றில் இது ஆபத்தான பிழை. எனவே மாற்றுவதற்கு முன்பே ஆங்கிலப் பகுதிகளையும் காற்புள்ளியுள்ள எண்களையும் வேறு நிறத்தில் அடையாளமிட்டுப் பிரித்துவைக்க வேண்டும்.

அடுத்தது கண்ணுக்குத் தெரியாத பிழைகள். பாமினியில் 'கௌ' என்பதைக் கொம்பும் 'க'வும் 'ள'வும் சேர்த்தே தட்டினார்கள். மாறிய கோப்பில் 'கெளரவம்' என்று ளகரத்தோடு நிற்கும். பார்வைக்குச் சரி, 'கௌரவம்' என்று தேடினால் அகப்படாது. கவுதாரிமுனையைக் 'கௌதாரிமுனை' என்று எழுதிய நூலில் அந்த ஊரைத் தேடுபவருக்கு ஊரே இல்லை என்று கணினி சொல்லும். 'ஸ்ரீ' என்ற எழுத்து யுனிகோட்டில் இரண்டு விதமாக உருவாகும்; 'ஶ' என்ற எழுத்து 2005 இல் சேர்க்கப்பட்ட பின் வந்த குழப்பம் அது. ஒரு நூலுக்குள் ஏதாவது ஒன்றை மட்டும் வைத்திருக்க வேண்டும். 'கொ', 'கோ' போன்றவற்றில் கொம்பும் காலும் தனித்தனியே நிற்கின்றனவா, ஒரே குறியாகச் சேர்ந்தனவா என்றும் பார்க்க வேண்டும். பேஜ்மேக்கரில் வரி முடிவில் கையால் போட்ட சிறு கோடுகள் இன்னொரு தொல்லை. அவை அப்படியே வந்து, வரி நடுவில் 'முல்லைத்- தீவு' என்று இடறும்.

இவற்றில் பலவற்றைத் தேடி மாற்றும் கட்டளையால் திருத்தலாம். சொல்லின் நடுவே உயிரெழுத்து தனியாக நிற்கும் இடங்களையெல்லாம் ஒருமுறை தேடிப் பார்த்தாலே பாதிப் பிழை வெளிவரும். மிச்சத்துக்கு மனிதக் கண் வேண்டும். அச்சுப்பிரதியை ஒருவர் வாசிக்க இன்னொருவர் திரையில் பார்க்கும் பழைய சரவை முறைக்கு இன்னும் மாற்று இல்லை. அந்த இருவரில் ஒருவர்கூட நூலாசிரியராக இருக்கக்கூடாது. தான் எழுதியதை வாசிக்கும்போது தாளில் இருப்பதைவிட மனதில் இருப்பதுதான் தெரியும்.

ஸ்கான் செய்த பழைய நூலிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுப்பதும் இன்று இயலும். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) போதும். ஆனால் 'ர'வும் காலும், 'எ'யும் 'ஏ'யும், 'ன'வும் 'ள'வும் இடம் மாறும். எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய 'றா', 'ணை', 'லை' வடிவங்களில் கருவி தடுமாறும். புதிதாகத் தட்டச்சுச் செய்வதில் பாதி நேரம் மிஞ்சும். சரவை நேரத்தில் எதுவும் மிஞ்சாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இன்றைய எழுத்தாளர் பெரும்பாலும் தொலைபேசியில் தட்டுகிறார், அது யுனிகோட். அச்சகத்தில் அதைப் பாமினிக்கு மாற்றுகிறார்கள், பேஜ்மேக்கருக்கு யுனிகோட் தமிழ் தெரியாது என்பதால். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு வந்தது 2001 இல். பிறகு மின்னூலுக்காக அதே பாமினியை மறுபடி யுனிகோட்டுக்கு மாற்றுகிறோம். இரண்டு முறை மாற்றினால் இரண்டு மடங்கு பிழை. இன்டிசைன் என்ற பக்க அமைப்பு மென்பொருளின் இன்றைய பதிப்புகளில் பந்தி அமைப்பில் 'வேர்ல்ட் ரெடி கொம்போசர்' என்பதைத் தெரிவு செய்தால் யுனிகோட் தமிழ் கொம்பு குலையாமல் நிற்கும். லிப்ரே ஒபிஸில் எதையும் தெரிவு செய்யவே தேவையில்லை, அது இலவசம். விலைமனு கோரும்போது 'பக்க அமைப்பு யுனிகோட்டில் செய்யப்பட வேண்டும்' என்று ஒரு வரி எழுதினால் மேலே சொன்ன தொல்லைகளில் முக்கால்வாசி பிறக்காமலே போகும். அச்சகங்களுக்கு எதிரான வரி அல்ல இது. தட்டச்சு தெரிந்த பிள்ளைகள் அவர்களிடம்தான் இருக்கிறார்கள். மின்னூல் அமைப்பை அவர்களே ஒரு கூலி வேலையாக எடுத்துச் செய்யலாம்.

சுத்தமான எழுத்து கைக்கு வந்தபின் ஈபப் செய்வது கடினமல்ல. லிப்ரே ஒபிஸ் ரைட்டரில் அத்தியாயத் தலைப்புக்குத் தலைப்புப் பாணி, பந்திக்குப் பந்திப் பாணி என்று ஒழுங்காகக் கொடுத்திருந்தால் அங்கிருந்தே ஏற்றுமதி செய்யலாம். பொருளடக்கம் தலைப்புகளிலிருந்து தானாக வரும். தலைப்பைத் தடித்த எழுத்தாக மட்டும் போட்டு, வெற்று வரிகளால் இடைவெளி விட்டிருந்தால் பொருளடக்கம் வராது, தொலைபேசியில் வெறும் பக்கங்கள் தோன்றும். நுணுக்கத் திருத்தங்களுக்குச் சிகில், கலிபர் என்ற இலவச மென்பொருள்கள் உண்டு. நோட்டோ செரிவ் தமிழ் போன்ற திறந்த உரிம எழுத்துருவை உள்ளே பதிக்கலாம். விலைக்கு வாங்கிய எழுத்துருவைப் பதிக்க அதன் உரிமம் இடம் தராமல் போகலாம். அட்டைப் படம் 1600க்கு 2560 படவணு. உள்ளே வரும் ஒளிப்படங்கள் 1200 படவணு அகலத்துக்கு மேல் வேண்டாம். கோப்பின் விவரங்களில் மொழி என்ற இடத்தில் தமிழைத் தெரிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் வாசிப்பான் ஆங்கிலக் குரலில் தொடங்கும். நூற்பெயர் என்ற இடத்தில் நூற்பெயரே இருக்க வேண்டும்; 'பைனல் 3 புதுசு' என்ற பெயரோடு சுற்றும் மின்னூல்களும் உண்டு.

கூத்துப் பிரதிகளுக்கும் நாட்டார் பாடல்களுக்கும் தனிக் கவனம் வேண்டும். முல்லைத்தீவுக் கோவலன் கூத்துப்போல விருத்தம், தரு, வசனம் என்று மாறிமாறி வரும் பிரதியைச் சாதாரணப் பந்தியாகப் போட்டால் சிறு திரையில் அடி எது, மடிந்த வரி எது என்று தெரியாது. அடியின் மிச்சம் உள்தள்ளி விழும்படி தொங்கு உள்தள்ளல் கொடுக்க வேண்டும். பாடுபவரின் பெயரை இடப்பக்கம் தனி நிரலாக வைக்காமல் மேலே தனி வரியாக வைக்க வேண்டும். பாட்டு வரிகளைப் படமாக ஒட்டுவது மிகமோசமான குறுக்குவழி. ஊர் வரலாற்று நூல்களில் வரும் ஏழெட்டு நிரல் அட்டவணைகளும் திரையில் பிய்ந்துபோகும். மூன்று நிரலுக்கு மேல் போனால், குளங்களின் அட்டவணை என்றால் குளத்துக்கு ஒரு சிறு பந்தியாக உடைத்து எழுதுவதே நல்லது.

முடிந்ததும் ஈபப் கோப்பைச் சோதிக்கும் ஈபப்செக் கருவியில் போட்டுப் பிழையில்லை என்று வந்தபின், பழைய சிறு திரைத் தொலைபேசி ஒன்றிலும் புதியது ஒன்றிலும் எழுத்தை மிகப் பெரிதாக்கி முதலிலிருந்து கடைசிவரை தட்டிப் பார்க்க வேண்டும். கூகுள் பிளே புக்ஸ், ரீட்எரா இரண்டிலும் திறக்கிறதா என்று பார்த்தால் போதும். கையில் யுனிகோட் எழுத்து இருந்தால் பழகிய ஒருவருக்கு இதெல்லாம் ஒன்றிரண்டு நாள் வேலை. பாமினியிலிருந்து வந்தால் நான்கைந்து நாள், சரவை தனி.

காசைப் பற்றி மிகைப்படுத்தாமல் சொல்கிறோம். மின்னூலால் வன்னி எழுத்தாளர் பணக்காரர் ஆகப்போவதில்லை. அமேசான் கிண்டில் 2016 மார்கழியில் தமிழை ஏற்றபின் எவரும் வீட்டிலிருந்தே நூலை விற்பனைக்கு விடலாம் என்பது உண்மைதான். உரிமைத்தொகை 35 வீதம் அல்லது 70 வீதம். 70 வீதம் வேண்டுமென்றால் விலை 2.99 டொலருக்கும் 9.99 டொலருக்கும் இடையில் இருக்க வேண்டும், வாங்குபவரும் குறித்த சில நாடுகளில் இருக்க வேண்டும். கனடா, பிரித்தானியா, பிரான்ஸ், ஜேர்மனி அந்தப் பட்டியலில் உண்டு; இலங்கை இல்லை. 2.99 டொலர் நூலுக்கு 35 வீதம் என்றால் ஒரு டொலரும் சில சதமும். அமெரிக்காவில் விற்பதற்கு அங்கே வரி பிடிப்பார்கள். இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் இரட்டை வரி தவிர்ப்பு உடன்படிக்கை இருப்பதால், கணக்குத் திறக்கும்போது வருமான வரி இலக்கத்தைக் கொடுத்தால் அந்தப் பிடித்தம் குறையும். பலர் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள்.

உங்களைத் தொடும் சிக்கல் இன்னொன்று. வாசித்த பக்கத்துக்குக் காசு தரும் அமேசானின் கிண்டில் அன்லிமிட்டெட் சந்தாத் திட்டத்தில் சேர வேண்டுமானால் மின்னூலை 90 நாள் அமேசானில் மட்டும் விடச் சம்மதிக்க வேண்டும். அந்தக் காலத்தில் அதே மின்னூல் வேறெங்கும், இலவசமாகக்கூட, இருக்கக்கூடாது. நீங்கள் உதவி கொடுத்து 'நூலகம் தளத்தில் உடனே திறந்துவிடு' என்று நிபந்தனை போட்டால் எழுத்தாளர் அந்தச் சிறு வருமானத்தையும் இழப்பார். எனவே கோப்பினை இப்போதே வாங்கி வையுங்கள். பொதுவில் திறப்பதை இரண்டு வருடம் கழித்துச் செய்யுங்கள். நூல் விற்கும் காலம் பெரும்பாலும் அதற்குள் முடிந்துவிடும்.

இங்குள்ள வாசகர் அமேசானில் வாங்கமாட்டார், அதற்கான வங்கி அட்டை பலரிடம் இல்லை. அவர்களுக்கு ரூபாய் விலை வேறாக இருக்க வேண்டும். வங்கியில் போட்ட சீட்டை வட்ஸ்அப்பில் அனுப்பினால் ஈபப் திரும்பி வரும் என்ற எளிய ஏற்பாடே போதும். கள்ளப் பிரதி சுற்றுமே என்ற பயம் நியாயமானது. ஆனால் இன்று குழுக்களில் சுற்றுபவை பெரும்பாலும் யாரோ தொலைபேசியில் படமெடுத்து ஒட்டிய பி.டி.எவ்கள். அச்சுப் புத்தகம் இருக்கும்வரை அதைத் தடுக்க முடியாது, மின்னூலைத் தராமல் விடுவதாலும் அது குறையாது.

உரிமை விடயத்தில் ஒரு தாளாவது எழுதிவிடுங்கள். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை ஆசிரியரின் ஆயுளும் அதன்பின் 70 ஆண்டுகளும் நிலைக்கும். 1990களில் எழுதி, போரில் இறந்த ஒருவரின் கவிதைகளை இன்று மறுபதிப்பிட அவருடைய உரித்தாளர்களின் சம்மதம் தேவை. அவர்களில் ஒருவர் வவுனியாவில், ஒருவர் சுவிஸில், இன்னொருவர் எங்கே என்று தெரியாது. உயிரோடு இருப்பவரிடம் இன்றே ஒப்பம் வாங்குவது அதைவிட எவ்வளவோ சுலபம். அந்தத் தாளில் அச்சுரிமையும் மின்னூல் உரிமையும் தனித்தனியாக இருக்கட்டும். உதவி செய்தவர் உரிமையாளர் ஆகக்கூடாது. காப்பில் வைத்து, குறித்த காலத்தின்பின் திறப்பதற்கான அனுமதி மட்டும் போதும். அட்டை ஓவியரும் ஒளிப்படக்காரரும் மின்னூலுக்கும் சேர்த்துச் சம்மதித்தார்களா என்று பாருங்கள். பதிப்பகத்தோடு ஒப்பந்தம் செய்பவர்கள் 'சகல உரிமைகளும்' என்ற சொற்களுக்குக் கீழே மின்னூலை விட்டுக்கொடுத்துவிட வேண்டாம், கால எல்லையாவது போடவும்.

சர்வதேசத் தராதர நூல் எண்ணை (ISBN) அச்சுக்கு ஒன்று, ஈபப்புக்கு ஒன்று என்று தனித்தனியாக எடுக்க வேண்டும். கொழும்பிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபைதான் அதை வழங்குகிறது. இரண்டுக்கும் ஒரே எண்ணைப் போடுவது நம்மிடையே பரவலான தவறு. அச்சிட்ட நூலில் 5 பிரதிகளைச் சுவடிகள் திணைக்களத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம்; அதன் மூலச் சட்டம் 1885 இல் வந்தது. விழாவுக்குப் பிறகு பலர் அதை மறந்துவிடுகிறார்கள், அதனால் கொழும்பிலும் பிரதி இல்லாமல் போகிறது. பற்றுச்சீட்டோடு அந்த ஒப்படைப்புக் கடிதத்தையும் கேளுங்கள்.

நூலகர்களுக்கு ஒரு வார்த்தை. கணக்காய்வு வரும்போது தொட்டுக் காட்ட முடியாத நூலை எப்படிப் பதிவது என்று தயங்குகிறீர்கள். சேர்வுப் பதிவேட்டில் மின்னூலுக்குத் தனித் தொடர் இலக்கம் கொடுங்கள். கோப்பின் பெயர், அளவு, பெற்ற திகதி, அனுமதிக் கடிதத்தின் இலக்கம் ஆகியவற்றை எழுதினால் அது கணக்குக் காட்டக்கூடிய பொருள்தான். கவுண்டர் கணினியில் ஒரு கோவை, அலுமாரியில் அச்சு நூல் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் கியூஆர் குறி ஒட்டிய சிறு அட்டை, இவை போதும். பென் டிரைவ் ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம். மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று மாவட்டத்துக்கு வெளியே. வருடத்தில் ஒருமுறை, ஐப்பசி வாசிப்பு மாதத்தில், எல்லாவற்றையும் திறந்து பார்த்து, திறக்காததை மறு பிரதியிலிருந்து மாற்றி வையுங்கள்.

விண்ணப்பப் படிவத்தில் சேர்ப்பதற்கான வாசகத்தை நாங்களே எழுதித் தருகிறோம், விரும்பியபடி திருத்திக்கொள்ளுங்கள்:

"உதவித்தொகையின் இறுதிப் பகுதி, நூலின் முழு எழுத்தும் யுனிகோட்டில் அமைந்த திறந்த கோப்பு, ஈபப்செக் பரிசோதனையில் பிழையின்றித் தேறிய ஈபப், அட்டைப் படம், ஆசிரியர் ஒப்பமிட்ட காப்பக அனுமதி ஆகியவை கிடைத்த பின்னரே வழங்கப்படும். கோப்புகள் இரண்டு ஆண்டுகள்வரை பொதுவில் திறக்கப்படமாட்டா. உரிமை ஆசிரியருக்கே உரியது."

'இறுதிப் பகுதி' என்ற சொல் முக்கியம். முழுத் தொகையையும் விழாவுக்கு முன்பே கொடுத்துவிட்டால் கோப்பு வராது. நூற்றுக்கு இருபதையாவது நிறுத்தி வையுங்கள். கோப்பு வந்ததும் அதைச் சோதிக்க இரண்டு நிமிடம் போதும்: தொலைபேசியில் திறந்து, நூலில் வரும் ஊர்ப் பெயர் ஒன்றைத் தட்டித் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் திருப்பி அனுப்புங்கள்.

அடுத்த ஆண்டுக்கான படிவங்கள் பெரும்பாலும் மார்கழியில்தான் தயாராகும். இந்த வாசகத்தைச் சேர்க்க அதற்கு முன் கூடும் ஒரு கூட்டம் போதும். பயிற்சி தேவையென்றால் ஒவ்வொரு பிரதேச சபையிலும் ஒரு நூலக உதவியாளருக்கும் ஓர் அச்சகப் பணியாளருக்குமாக இரண்டு நாள் பட்டறை வைக்கலாம். தேவையானவை பத்துக் கணினிகளும் பாமினியில் கிடக்கும் ஒரு பழைய ஊர் மலரும்தான். அந்த மலரையே பாடமாக வைத்துத் திருத்தினால், பட்டறை முடியும்போது ஒரு நூலும் மிஞ்சும்.

இப்படிக்கு,
வன்னியில் எழுதுவோரும் பக்கம் அமைப்போரும்